என் எடைக்கு ஒரு ஃப்ரிட்ஜ்

இல்ல தம்பி, திருட்டுப் பொருள் இல்ல. அப்படிப் பார்க்காத. விலை கம்மியா போட்டிருக்கேன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கு, சொல்றேன். முதல்ல மூடியத் தொறந்து கைய உள்ள விடு. சில்லுன்னு இருக்கா? காலையிலதான் சாமானெல்லாம் வெளிய எடுத்து வச்சேன். அந்த வாசனையா? இறால். துடைச்சா போயிடும்.

உன் பேரு என்னன்னு சொன்ன, ட்ராவிஸா? நான் ரோஸ்லின். விளம்பரம் போட்டது நான்தான். வண்டியில ஏத்திக் கொண்டு போற இந்த ஃப்ரிட்ஜ் எங்க வீட்டுக்காரரு வாங்கினது. நெவில். நெவ்னு கூப்பிடுவோம்.

யாருக்கு வாங்குற? நீயும், அதோ உன் வண்டியில உக்காந்து செல்போன நோண்டிக்கிட்டு இருக்கே, அந்தப் புள்ளையும்தானா? கடலோரம் போய் ரெண்டு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கிட்டு வருவீங்க, அவ்வளவுதானே? அப்ப உண்மையச் சொல்லிடறேன், உங்களுக்கு இது ரொம்பப் பெரிசு. இதுல பாதி இருந்தாலே போதும். ஐயோ, போகாத, போகாத! பெரிசுன்னா கெட்டதா என்ன? நாளைக்குக் குழந்தை குட்டின்னு வரும்ல?

வந்ததுக்கு ஒரு நல்லது சொல்றேன் கேளு. எந்த ஃப்ரிட்ஜ் வாங்கினாலும் அந்தப் புள்ளைய பக்கத்துல நிக்க வச்சு, அடியில கிடக்குற வெண்ணெய அவ கை எட்டுதான்னு பாரு. வண்டி மேல ஏத்தினா இன்னும் உயரமாயிடும். எட்டலைன்னு வையி, ஆயுசுக்கும் நீதான் குனிஞ்சு எடுத்துக் கொடுக்கணும். அப்புறம், வண்டி ஸ்டார்ட் ஆகுற பேட்டரியிலேயே மாட்டித் தொலைக்காத. தனியா இன்னொரு பேட்டரி போடு. இல்லேன்னா காலையில பீரு ஜில்லுன்னு இருக்கும், வண்டி செத்துக் கிடக்கும்.

எனக்கு எப்படித் தெரியுமா? ரெண்டு வருஷமா இந்த வீட்ல வேற பேச்சே இல்லையேப்பா! மனுஷன் டூவூம்பால ஒரு கேம்பிங் கடை பாக்கி வைக்கல. வண்டியோட வந்து தங்கற கேரவன் பார்க்குக்குப் போனா, முன்னப் பின்ன தெரியாதவன் வண்டி பின்னாடி போய் நின்னு, உங்க ஃப்ரிட்ஜ கொஞ்சம் தொறந்து பார்க்கலாமாம்பாரு. அவனும் பெருமையா தொறந்து காட்டுவான். உங்க பொண்டாட்டிய கொஞ்சம் பார்க்கலாமான்னு கேட்டிருந்தாக்கூட நான் இவ்வளவு கூனிக் குறுகியிருக்க மாட்டேன்.

கடைசில ஒரு சின்ன ஃப்ரிட்ஜ்தான்னு முடிவாச்சு. ரெண்டு பேருக்குக் கச்சிதமா. நானும் போய்ப் பார்த்தேன், என் கையும் எட்டுச்சு. பேர்ட்ஸ்வில் போய், சிம்ப்ஸன் பாலைவனம் தாண்டி, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து போகணும் போகணும்னு சொல்லிக்கிட்டே இருந்த பயணம். வேலையிலேர்ந்து ஓய்வு வாங்கினதும் கிளம்பறதா பேச்சு.

பார்த்தா, ஒரு சனிக்கிழமை இந்தத் திமிங்கலத்தக் கொண்டு வந்து இறக்கறாரு! ரெண்டு அறை, ஒண்ணுல ஐஸ்கிரீம் உறையும், ஒண்ணுல தக்காளி உறையாது. எதுக்குய்யா நமக்குன்னேன். நல்ல சாமான் ரோஸ்னாரு. அன்னைக்குச் சாயங்காலமே அவரு கூட்டாளிங்க எல்லாம், பிறந்த குழந்தையப் பார்க்க வர்ற மாதிரி ஷெட்டுக்கு வந்துட்டாங்க. ஒவ்வொருத்தனா மூடியத் தொறக்கறது, உள்ள எட்டிப் பார்க்கறது, ம்ம்ங்கறது, மூடறது. ஒருத்தன் தடவிக்கூடக் கொடுத்தான். என்னைப் பார்த்து ஒருத்தனும் சவுக்கியமான்னு கேக்கல.

அப்புறம்தான் எடைப் பிரச்சனை ஆரம்பிச்சுது. உனக்குத் தெரியும்ல, வண்டி இவ்வளவு எடைக்கு மேல போகக் கூடாதுன்னு சட்டம். மீறி எங்கயாவது கவுந்தா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிடுவான். ஃப்ரிட்ஜு, அதுக்குப் பேட்டரி, அதுக்கு சோலார் தகடு, அத வெளிய இழுக்க ஒரு இரும்புத் தட்டு. தண்ணி, டீசல், ரெண்டு ஸ்பேர் டயர். லாரி எடை போடுற இடத்துக்கு வண்டியக் கொண்டு போயிட்டு, மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தாரு. அப்புறம் ஒவ்வொண்ணா கழிக்க ஆரம்பிச்சாரு. என் மடக்கு நாற்காலி போச்சு. தலையணை போச்சு. மரக்கரண்டிக்குக் கைப்பிடி எதுக்குன்னு ரம்பத்தால அறுத்துட்டாரு, சத்தியமா!

ஒருநாள் ஷெட்லேர்ந்து கூப்பிடறாரு. ரோஸ், ஒரு நிமிஷம் இதுல ஏறி நில்லேன். பார்த்தா எடை மெஷினு. கோழிக்குத் தீனி போட்டுட்டு வந்தவ, அப்படியே ரப்பர் பூட்ஸோட ஏறி நின்னேன். குனிஞ்சு நம்பரப் பார்த்தாரு. நிமிர்ந்தாரு. திரும்பி ஃப்ரிட்ஜப் பார்த்தாரு.

சாமானெல்லாம் அடைச்சா இதுவும் நானும் ஒரே எடை தம்பி. பூட்ஸோட சேர்த்து.

சிரி, சிரி. நானும் சிரிச்சேன். நீ ஆலிஸுக்கு ப்ளேன்ல வந்துடு, நான் ஓட்டிக்கிட்டு வந்து அங்க உன்னைக் கூட்டிக்கறேன், உனக்கும் தூசி தும்பு இல்லன்னாரு பாரு, அப்பத்தான் சிரிப்பு நின்னுச்சு. டிக்கெட்டும் போட்டுட்டாரு. ஜன்னலோர சீட்டாம். பாலைவனத்த மேலேர்ந்து பார்க்கலாமாம்.

என்ன கேட்ட? அடப்பாவி! சாகலப்பா, நல்லா குத்துக்கல்லாட்டம் இருக்காரு. முடி வெட்டிக்கப் போயிருக்காரு. நாளைக்கு விடியக்காலையில கிளம்பணும்ல.

கீழ வைக்காத! ட்ராவிஸ், தூக்கின ஃப்ரிட்ஜ கீழ வைக்காதேங்கறேன். ஆமா, அவருக்குத் தெரியாதுதான். தெரிஞ்சா விப்பேனா? அந்த நாவிதன் வாயத் தொறந்தா லேசுல மூட மாட்டான், நமக்கு நேரம் இருக்கு. போலீசுக்கா? யாரு, நெவ்வா? கட்டின பொண்டாட்டி என் ஃப்ரிட்ஜ வித்துட்டான்னு இந்த ஊர்ல போய்ச் சொல்லுவாரா? பப்புல தலை காட்ட முடியாது.

பேசிப் பார்க்கலாமேன்னு சொல்ற. உனக்கு அந்த மனுஷனத் தெரியாது. வீட்டுக்குள்ள அவரு வாயிலேர்ந்து ரெண்டு வார்த்தைதான் வரும். ஆமா ஒண்ணு, இல்ல ஒண்ணு. அதுக்கு மேல வேணும்னா வண்டி ஓடணும். கை ஸ்டியரிங்ல இருக்கணும், கண்ணு ரோட்டுல இருக்கணும், அப்பத்தான் வாய் தொறக்கும். என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டதே வண்டியிலதான். ரோஸ், நான் என்ன நினைக்கிறேன்னான்னு ஆரம்பிச்சாரு, குறுக்க ஒரு ஆட்டு மந்தை வந்துடுச்சு. வண்டி நின்னுச்சு, பேச்சும் நின்னுச்சு. கடைசி ஆடு போற வரைக்கும் நான் பல்லக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். கியர் போட்டப்புறம்தான் மீதிய முடிச்சாரு. அவரு தம்பி ஆத்தோட போனான். அந்தத் துக்கத்தையும் கூண்டிவிண்டி ஊரத் தாண்டி ஓட்டிக்கிட்டு இருக்கறப்பதான் சொல்லி அழுதாரு. சாவுக்கு வந்த ஜனம் பூரா வீட்ல இருந்தப்ப ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல.

அதான் தம்பி, வண்டியில அவரு பக்கத்து சீட்டு எனக்கு வேணும். பாலைவனமா பெரிசு? மணலு. நம்ம கடலோரத்துல இல்லாத மணலா?

அவரு போன மாசம் பிரிஸ்பேனுக்கு ஒரு பெரிய டாக்டரப் பார்க்கப் போனாரு. நானும் வர்றேன்னேன், வேணாம்னுட்டாரு. திரும்பி வந்து, டீக்குத் தண்ணி வச்சுக்கிட்டே, எல்லாம் நல்லாத்தான் இருக்காம் ரோஸ்னாரு. ஷெட்டுக்குப் போயிட்டாரு. அந்த வாரம் சனிக்கிழமைதான் இது வந்து இறங்குச்சு. முதல்ல பீர் ஆசைன்னுதான் நினைச்சேன். அப்புறம் அந்த டாக்டர் ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு வீட்டுக்கே போன் பண்ணுச்சு. அவரு செல்போன எடுக்கவே மாட்டேங்கறாராம். என்ன விஷயம்னேன். அவர்கிட்டதான் சொல்லணுமாம். மறுநாளும் பண்ணுச்சு. அதுக்கு மறுநாளும். நல்லா இருக்கறவன யாரும் இப்படி விடாம கூப்பிட மாட்டாங்க.

என்கூட வண்டியில உக்காந்தா உளறிடுவோம்னு அவருக்கே தெரியும். என்னை இறக்கி விட, என் எடைக்கு ஒரு ஃப்ரிட்ஜத் தேடிப் பிடிச்சு வாங்கியிருக்காரு மனுஷன்.

நீ ஏன் மூஞ்ச அப்படி வச்சிக்கிற? தூக்கு. அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். படி இருக்கு, பார்த்து. காசெல்லாம் அப்புறம், உன் வண்டி பின்னாடி ஒரு பழைய ஐஸ்பெட்டி கிடக்கே, அதையும் இறக்கிக் கொடு. ரெண்டு பேருக்கு அது போதும்.

திட்டுவாரு. தெரு முனையிலேயே ஆரம்பிச்சிடுவாரு. ஒரு நாள் முழுக்க ஃப்ரிட்ஜு ஃப்ரிட்ஜுன்னு திட்டிட்டு ஓய்ஞ்சிடுவாரு. அப்புறம் தார் ரோடு முடியும். அங்க எங்கயாவது, ரோஸ், நான் என்ன நினைக்கிறேன்னான்னு ஆரம்பிப்பாரு. முழுசா சொல்லி முடிக்கட்டும், அந்த இடத்துலயே வண்டியத் திருப்பச் சொல்லிடுவேன். பிரிஸ்பேன் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும். ஆனா அது வரைக்கும் நான் ஜன்னலப் பார்த்துக்கிட்டே இருக்கணும் தம்பி. மூஞ்சப் பார்த்தா நிறுத்திடுவாரு.