இடது ஓரம் இளகியிருக்கிறது

விடிந்ததும் புல்லில் வெறுங்காலோடு நடப்பது கண்ணுக்கு நல்லது என்று சொல்வார்கள். கண்ணுக்கு எப்படியோ, என் பிழைப்புக்கு அது நல்லதாகவே இருந்தது. இந்தக் கிளப்பில் என்னைப்போல நெடுங்காலம் கால்பந்து ஆடியவர் வேறு ஒருவரும் இல்லை. என்னோடு ஆடத் தொடங்கியவர்களில் பாதிப் பேர் தாத்தாக்களாகிவிட்டார்கள். மீதிப் பேர் பயிற்சியாளர்களாகி, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்த் திரிகிறார்கள். நான் மட்டும் இன்னும் அரைக்கால் சட்டையைக் கழற்றவில்லை. தற்காப்பு வரிசையின் இடது ஓரம், அதாவது லெஃப்ட் பேக், என்னுடைய இடம்.

ஐயா, மைதானத்துப் புல்லைப் பராமரிக்கும் புல்தரைக்காரரைப் பற்றிச் சாட்சி சொல்லத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள். சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் புதிய லெஃப்ட் பேக் ஆட்டத்தின் நடுவே முழங்கால் முறுக்கி விழுந்தான். இனி அவன் ஆட முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இடது ஓரத்தில் புதிதாகப் பதித்த புல்தான் காரணம் என்று நிர்வாகம் முடிவு கட்டி, கேலரிக்குப் பின்னால் புல்தரைக்காரர் குடியிருக்கும் அறையைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறது. அவர் இப்போது வெளியே பெஞ்சில் மனைவியோடு உட்கார்ந்திருக்கிறார். நான் உள்ளே வரும்போது எழுந்து நின்றார்.

"பெரியண்ணே, நான் வெச்ச புல்லு யார் காலையும் ஒடிக்காது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க," என்றார்.

உண்மைதான். நான் சொன்னால் நம்புவார்கள். எல்லாவற்றுக்கும் தொடக்கம் அதுதான்.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் நடக்கும் நாளில், அணியில் மூத்தவர் காலையில் தனியாக மைதானத்தைச் சுற்றி நடந்து தரை பார்ப்பார். குதிகாலால் மண்ணை அழுத்தி, அது எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு விரைவாக மேலே வருகிறது என்று கவனிப்பார். பிறகு உடைமாற்றும் அறை வாசலில் நின்று ஒரே ஒரு சொல் சொல்வார்: குட்டை, அல்லது நெட்டை. தரையைப் பிடித்து நிற்க பூட்ஸின் அடியில் திருகி மாட்டும் குமிழ்களான ஸ்டட்டுகளின் உயரத்தைத்தான் அப்படிச் சொல்வோம். இளகிய தரைக்கு நெட்டை, இறுகிய தரைக்குக் குட்டை. மூத்தவர் பார்த்த பிறகு, ஆட்டம் தொடங்கும் வரை வேறு யாரும் அந்தப் புல்லில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் அன்று தோல்விதான் என்று ஒரு நம்பிக்கை. உடம்பைச் சூடாக்கும் ஓட்டமெல்லாம் பக்கத்துச் சிமெண்டுத் தளத்தில், கான்வாஸ் காலணியோடு நடந்துவிடும். ஆகவே தரை எப்படி இருக்கிறது என்பது ஒருவருக்கு மட்டுமே தெரியும்.

இறுகிய தரையில் நெட்டை போட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நேராக ஓடுகிறவனுக்கு ஒரு தொல்லையும் இல்லை. ஓடுகிற வேகத்தில் சட்டென்று திரும்புகிறவனுக்குத்தான் சங்கடம். வேர் இறுகிய புல்லில் இறங்கிய ஸ்டட் பிடித்த பிடியை விடாது. பாதம் ஒரு பக்கம் நிற்கும், உடம்பு மறுபக்கம் போகும். நடுவில் நிற்கும் முழங்கால்தான் அந்த வழக்கைத் தீர்த்துவைக்க வேண்டும்.

எங்கள் பயிற்சியாளர் முன்பு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். கதை சொல்லாமல் அவருக்குத் திட்டக்கூட வராது. அதனால் எல்லோரும் அவரை வாத்தியார் என்றே அழைப்போம். தரை பார்க்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்த அன்று அவர் ஒரு கதை சொன்னார். ஓர் எருமைக் கூட்டம் நாள்தோறும் ஆற்றைக் கடந்து மேயப் போகுமாம். கிழ எருமை ஒன்று முதலில் இறங்கி ஆழம் பார்க்குமாம். தண்ணீர் அதன் முழங்கால் அளவில் நின்றால் மற்றவை பின்னே இறங்குமாம். "பலம் இளசுங்ககிட்ட இருக்கலாம். ஆனா ஆத்தைத் தாண்ட வெக்கிறது பலம் இல்லை, அந்தக் கிழ எருமை மேல இருக்கிற நம்பிக்கை. புரியுதா?" என்றார். "அப்போ இவர்தான் எருமையா வாத்தியாரே?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்க, அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு அந்தக் கதை பிடித்திருந்தது. அதற்கு ஒரு மீதி உண்டு என்பது எனக்கே பின்னால்தான் தெரிந்தது.

முதலில் என் மைத்துனனைப் பற்றிச் சொல்கிறேன். என் மனைவியின் தம்பி. அவனைக் கிளப்புக்கு அழைத்து வந்தவனே நான்தான். பந்தை மார்பில் வாங்கிக் காலில் இறக்குவது முதல், எதிராளியின் கண்ணைப் பார்க்காமல் இடுப்பைப் பார்ப்பது வரை, எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் வாத்தியார் என் தோளில் கை போட்டு, "உன் மச்சினன் உன்னையே தூக்கிச் சாப்பிட்டுடுவான் போலிருக்கே. அடுத்த சீசன்ல இடது பக்கம் அவன்தான்," என்றார். என்னைப் பாராட்டுவதாகவே அவர் நினைத்தார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். அன்று வீட்டில் விருந்து. என் மனைவி இருவருக்கும் மாறி மாறிப் பரிமாறினாள். தம்பிக்குச் சற்று அதிகமாக வைத்தாள் என்று எனக்குப் பட்டது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த சீசனின் கடைசி ஆட்டத்தில் அவனை முதலிலிருந்தே ஆட வைத்தார்கள். காலையில் நான் தரை பார்த்தேன். எல்லோருக்கும் குட்டை என்றேன். அவன் பூட்ஸை மாட்டும்போது அருகில் உட்கார்ந்து, "மாப்பிள்ளை, இடது ஓரம் இளகியிருக்கு. நீ நெட்டை போட்டுக்கோ," என்றேன்.

"சரி மாமா," என்றான்.

இவ்வளவுதான் நடந்தது. நான் அவனைத் தள்ளவில்லை, தொடவும் இல்லை. எனக்கு வேண்டியதெல்லாம் அவனுக்கு ஒரு சுளுக்கு. இரண்டு மூன்று ஆட்டங்கள் அவன் ஓய்வெடுத்தால், வாத்தியார் நிதானமாக யோசிப்பார் என்று நினைத்தேன். இளங்கன்று பயமறியாது. பின்வரிசையை மறந்து முன்னால் ஓடுகிற பையனை நம்பி அணியை ஒப்படைப்பது சரியில்லை என்பது என் உண்மையான கருத்து. இன்றும் அதை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் தெரியவில்லை.

அவன் விழுந்தபோது மைதானத்துக்குள் முதலில் ஓடியவன் நான். தோளில் சாய்த்து வெளியே கொண்டுவந்தவனும் நான். அந்த இடது ஓரத்தில் அவனுக்குப் பதிலாக இறங்கியவனும் நான்தான். அன்று மிக நன்றாக ஆடினேன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

பிறகு பல மாதங்கள் அவன் முழங்காலுக்கு என் கையாலேயே எண்ணெய் தேய்த்துவிட்டேன். "உங்க கடனை எந்த ஜென்மத்துல தீர்ப்பேன் மாமா," என்பான். "பேசாம காலை நீட்டு," என்பேன். அவனுக்குக் கிளப்பின் பூட்ஸ் அறையில் வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறான். படியேறும்போது அவன் முழங்கால் ஒரு சத்தம் போடும், காய்ந்த குச்சி முறிவதுபோல. அவன் வரும் நேரம் தெரியுமாதலால், அதற்குச் சற்று முன்பே நான் வானொலியை உரக்க வைத்துவிடுவேன். என் மனைவிக்கு நான் பாட்டு விரும்பி என்ற எண்ணம்.

நடுவில் இன்னொருவன் இருந்தான். உயரமானவன், ஒட்டகம் என்று அழைப்போம். அவனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. யாருமே கேட்டதில்லை. கணுக்கால் போயிற்று. ஊருக்குப் போய்விட்டான். போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

இப்போது காற்றாடி. சென்ற ஞாயிறு விழுந்தவன். ஓடுகிற வேகத்தில் சட்டென்று சுழன்று திரும்புவான், அதனால் அந்தப் பெயர். வாய் சும்மா இருக்காது. வந்த முதல் நாளே என்னிடம், "பெரியண்ணே, நீங்க ஆட ஆரம்பிச்சப்போ பந்து சதுரமா இருந்துச்சாமே?" என்றான்.

"ஆமாம்டா. நாங்க உருட்டி உருட்டி வட்டமாக்கி வெச்சோம். நீங்க சொகுசா உதைக்கிறீங்க," என்றேன்.

அவனை எனக்குப் பிடித்திருந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும். பிடிக்காதவன் ஒருவனுக்கும் நான் கெடுதல் செய்ததில்லை.

சென்ற வாரம் வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, "இனிமே இடது பக்கம் காத்தாடிதான். நீ பெஞ்சுல உட்கார்ந்து பசங்களுக்கு வழி சொல்லு. தரை பார்க்கிறதை மட்டும் விட்டுடாதே, அதுக்கு உன்னை விட்டா ஆள் இல்லை," என்றார். சரி என்றேன். ஞாயிறு காலை தரை பார்த்தேன். ஐயா, புல்தரைக்காரர் பதித்த புல்லைப்போல நேர்த்தியான புல்லை நான் எந்த மைதானத்திலும் மிதித்ததில்லை. வேர் மண்ணைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. குதிகால் இறங்கவே இல்லை. எல்லோருக்கும் குட்டை என்று அறிவித்துவிட்டு, பூட்ஸ் அறைக்குப் போய், காற்றாடிக்கு மட்டும் நெட்டை மாட்டச் சொன்னேன்.

என் மைத்துனன் ஸ்பேனரோடு நிமிர்ந்து பார்த்தான். "எல்லாருக்கும் குட்டைன்னீங்களே மாமா. இவனுக்கு மட்டும் எதுக்கு?"

"இடது ஓரம் இளகியிருக்கு, மாப்பிள்ளை."

காற்றாடி பக்கத்தில்தான் இருந்தான். "இடது ஓரம் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? நீங்க இத்தனை வருஷம் மிதிச்சதுல அழுது அழுது இளகிப்போச்சா பெரியண்ணே?" என்று சிரித்தான்.

என் மைத்துனன் சிரிக்கவில்லை. ஸ்பேனர் ஒரு கணம் நின்றது. பிறகு அவன் குனிந்து, ஒவ்வொன்றாகத் திருகினான். கேட்ட சொற்கள் அவனுக்கு எங்கோ இடறியிருக்க வேண்டும். ஆனால் என்னைச் சந்தேகிக்கும் பழக்கம் அவனுக்கு இல்லை. அந்தப் பழக்கம் இல்லாதபடி அவனை வளர்த்தவன் நான்.

மீதியை ஊரே பார்த்தது. காற்றாடி திரும்பினான். பாதம் திரும்பவில்லை.

அன்று மாலை நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது என் மைத்துனன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். வானொலி அப்போது ஓடவில்லை. காற்றாடியின் பூட்ஸ் ஒன்றை மேசைமேல், தட்டுகளுக்கு நடுவே வைத்தான். அடிப்பக்கம் மேலே தெரிந்தது. ஸ்டட்டுகளில் வேரும் மண்ணும் அப்படியே ஒட்டியிருந்தன.

"சாப்பிடுற இடத்துல என்னடா இது? எடு முதல்ல," என்றாள் என் மனைவி.

"மாமாவைக் கேளு அக்கா. மண்ணு ஈரமா இருக்கான்னு தொட்டுப் பார்க்கச் சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தொடவில்லை. அவளே விரலால் கிள்ளிப் பார்த்தாள். மண் உதிர்ந்தது.

"அன்னிக்கு என்கிட்டயும் இதே வார்த்தையைத்தான் சொன்னீங்க மாமா," என்றான். குரலை உயர்த்தவில்லை. "என் கையாலேயே அவனுக்கு மாட்ட வெச்சுட்டீங்களே. விசாரணையில நீங்களா சொல்லிடுங்க. இல்லைன்னா நான் சொல்லுவேன்." பிறகு படியேறினான். அந்தச் சத்தத்தை நானும் என் மனைவியும் கடைசிப் படி வரை கேட்டோம். அதன்பின் அவள் என்னிடம் பேசவில்லை. என் தட்டை மட்டும் கழுவி வைத்தாள்.

அவன் மிரட்டியதால் நான் இங்கே வந்திருப்பதாக நீங்கள் எழுதிவிடக் கூடாது. புல்தரைக்காரருக்காகத்தான் வந்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று இருப்பதை என் மனம் ஏற்பதில்லை.

வாத்தியார் சொல்லாமல் விட்ட, அந்த எருமைக் கதையின் மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் இளம் எருமை ஒன்று, நான் முன்னால் போகட்டுமா என்று கேட்டது. கிழ எருமை மறுக்கவில்லை. ஆற்றின் நடுவே, தண்ணீருக்கு அடியில் மறைந்திருந்த ஒரு பாறைமேல் போய் நின்றுகொண்டது. "வா, முழங்கால் அளவுதான்," என்று கூப்பிட்டது. அது சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? தண்ணீர் அதன் முழங்கால் அளவுதான் இருந்தது. இந்தக் கேள்வியை நான் பல காலமாக என்னையே கேட்டு வருகிறேன். இரவில் நன்றாகவே தூங்குகிறேன். விடிந்து எழும்போதுதான், யாரோ கூப்பிட்டு நான் போகாமல் நின்றதுபோல ஒரு நினைவு வருகிறது.

ஆகவே, மூன்று பேர் கால்களையும் கெடுத்தவன் நான். தெரிந்தே செய்தேன். புல்லில் குற்றமில்லை. வெளியே இருப்பவரை அழைத்து, அறையைக் காலி செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் மனைவி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லைபோலத் தெரிகிறது.

என்னைப் பற்றி நீங்கள் எந்த முடிவு எடுத்தாலும் கட்டுப்படுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்து முடிவெடுங்கள். வரும் ஞாயிறு ஆட்டம் இருக்கிறது. லெஃப்ட் பேக்குக்குக் கிளப்பில் இப்போது வேறு ஆள் இல்லை. இங்கே வருவதற்குமுன் மைதானத்தை ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன். தரை நன்றாக இறுகியிருக்கிறது. எனக்குக் குட்டை போதும்.