நனைந்த கோட்டு

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழைக்காலக் காலை. திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இருவரும் டீச்சர்கள், கவிதை எழுதுகிறவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“நேத்தும் கனவுல அப்பா வந்தாருடி. நனைஞ்ச கோட்டு போட்டுக்கினு.”

“செத்துப்போன உங்கப்பாவா? அவருக்கு ஏதுடி கோட்டு?”

“அதான் பயமா இருக்கு. மழை வந்தா கோணிப்பையைத் தலையில கவுத்துக்கினு கடலைக்கொல்லைக்கு ஓடுவாரு. கோட்டு, அந்த அயர்லாந்துக் கவிஞர் தன் கவிதையில எழுதின அவரோட அப்பாவோடது. அவரைப் படிச்சுப் படிச்சு, என் கவிதையில அதை எங்கப்பாவுக்கு மாட்டிவிட்டுட்டேன்.”

“அவரைப் பார்த்து எழுதாதவங்களே இல்லன்னு சொல்றாங்க. புஸ்தகம் போடறப்ப கோணிப்பைன்னு மாத்திடு.”

“மாத்திப் பார்த்தேன். கோணிப்பைக்குக் கீழ முகமே வரமாட்டேங்குது. கண்ணை மூடினா கோட்டுதான் நிக்குது. எங்கப்பாவை எங்கடி தொலைச்சேன்?”

சாரல் அடித்தது. தோழி ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டாள். இருட்டில் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். அந்த அயர்லாந்துக்காரரை நான் ஒரு வரிகூடப் படிச்சதில்ல. உன் கவிதையைத்தான் படிச்சேன். எங்கப்பா காய்வண்டி தள்ளினவரு, கடைசி வரைக்கும் சட்டைகூடப் போடாத மனுஷன். இப்ப அவரும் நனைஞ்ச கோட்டோட வந்து நிக்கிறாருடி.”