விருதுநகர் வரைக்கும் மேனேஜர்

திருத்தங்கலில் பஸ் ஏறிய அந்தப் பெண், சன்னலோரம் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்:

“விருதுநகர் போற வரைக்கும் நீங்க என் வீட்டுக்காரர் இல்ல, மேனேஜர். இங்கிலீசுல கேள்வி கேளுங்க. போன இன்டர்வியூ மாதிரி இன்னைக்கும் நாக்கு ஒட்டிக்கிட்டா அம்புட்டுத்தான்.”

நான் பின்சீட்டில் இருந்தேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “வாட் இஸ் யுவர் நேம்?”

“மை நேம்... மை நேம் இஸ் மாரீஸ்வரி சார்.”

“திக்குதே தாயி. எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு கேள்விதான். அடுத்தத தமிழ்லயே கேக்குறேன், நீ இங்கிலீசுல சொல்லு. உன் வீட்டுக்காரரு எப்படி?”

அவள் கொஞ்ச நேரம் அவர் கையையே பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். என் கணவர் பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை பார்க்கிறார், அவர் வீடு திரும்பும்வரை தினமும் எனக்குப் பயம்தான், இந்த வேலை கிடைத்தால் அவரை அந்த அறைக்குள் போக விடமாட்டேன் என்று ஓரிடத்திலும் நிற்காமல் சொல்லி முடித்தாள்.

“ஏ, திக்கவே இல்லையே!” அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. “என்னன்னு சொன்னே?”

“நல்லாச் சமைப்பீகன்னு சொன்னேன்.”

“அதுக்கா அம்புட்டு நீளம்?”