மேலது, பக்கம் 131

நேற்று நீங்கள் குடையை மறந்துவிட்டுப் போய்விட்டீர்கள். கறுப்புக் குடை, கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியது. விரித்துக் காயவைத்து, மடக்கி, வாசல் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். இந்தத் தாள்களை வாங்க வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

பல்கலைக்கழகத்தின் சார்பில் மறுபடி விசாரிக்க வந்த நீங்கள், வாயால் சொன்னால் போதாது, எழுதித் தரவேண்டும் என்றீர்கள். எனக்கும் அதுதான் வசதி. என் வேலை என்னவென்று உங்கள் கோப்பில் 'தட்டச்சு' என்று போட்டிருந்தது. அது தவறு. ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளையும் கடைசியில் வரும் துணைநூற்பட்டியலையும் ஒழுங்குபடுத்துவது என் வேலை. பதினேழு வருடம். முதலில் பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே நகல் எடுக்கும் கடையில் இருந்தேன். அப்பா படுக்கையில் விழுந்த பிறகு வீட்டிலேயே செய்கிறேன்.

இந்த வேலையில் பொறுமை வேண்டும், கொஞ்சம் நகைச்சுவை உணர்ச்சியும் வேண்டும். 'ஆதாரம்: இணையம்' என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் தன் மாமனாரை முதன்மை ஆதாரங்களில் சேர்த்திருந்தார், அகரவரிசையில் சரியான இடத்தில். நான் அதை எடுக்கவில்லை. மாமனார் மனம் நோகக்கூடாது அல்லவா.

ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மீதி புரியாது. ஒரே நூலை அடுத்தடுத்து மேற்கோள் காட்டும்போது ஒவ்வொரு முறையும் தலைப்பை முழுதாக எழுத மாட்டார்கள். முதல் அடிக்குறிப்பில் முழு விவரம் இருக்கும். அடுத்ததிலிருந்து 'மேலது' என்று போட்டுப் பக்க எண்ணை மட்டும் தருவார்கள். மேலே சொன்ன அதே நூல் என்று அர்த்தம். நடுவில் புதிதாக ஓர் அடிக்குறிப்பைச் செருகினால் எண்கள் தாமாக நகர்ந்துகொள்ளும், கணினி பார்த்துக்கொள்ளும். மேலது நகராது. தனக்கு மேலே யார் இருக்கிறார்களோ அவர்களைக் காட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். அதனால்தான் எங்கள் வேலையில் மேலதுக்கு நடுவே கைவைக்க மாட்டோம். பதினேழு வருடத்தில் அந்தத் தவறு என்னிடம் ஒருமுறைகூட நடந்ததில்லை.

இனி என் தங்கையைப் பற்றி. வீட்டில் அவள் சின்னவள், நான் பெரியவள். எங்கள் அம்மா தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க யாரோ யாரையோ அழைப்பதை இணைத்துக் கொடுக்கும் வேலை. அப்படிப்பட்ட பெண்களைப் பற்றித்தான் சின்னவள் ஆறு வருடம் ஆராய்ச்சி செய்தாள். நல்ல உழைப்பாளி. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அம்மா கடைசி நான்கு வருடம் நோயில் கிடந்தாள். சின்னவள் அப்போது விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். கடை வேலையோடு நான் படித்துவந்த படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தாதே என்றும் சொல்லவில்லை. ஒரு நாள் முதுகைத் துடைத்துவிடும்போது அம்மா சொன்னாள்: "பேசறவங்களுக்குக் குரல் அப்புறம்தான்டி வரும். முதல்ல மூச்சு வரும். நாங்க மூச்சைக் கேட்டே யாருன்னு சொல்லிடுவோம்." என்னிடம் மட்டும்தான் சொன்னாள். அம்மா போன பிறகு ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சின்னவளிடம் இதைச் சொன்னேன். அவள் கை ஈரத்தோடு ஓடிப்போய்க் குறித்துக்கொண்டாள்.

அவளுடைய நான்காம் இயல் முழுக்க அந்த ஒரு பேச்சின் மேல் நிற்கிறது. தலைப்பே 'மூச்சும் குரலும்'. ஆய்வேட்டை முடித்து ஒரு திங்கட்கிழமை என்னிடம் தந்தாள். வியாழக்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். வேறு ஊரில் ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது, பட்டம் வந்தால் போதும், ஜூன் மாதம் கிளம்பிவிடுவாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேனே. இதை மனத்தில் வைத்துத்தான் செய்தேன் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். அவள் போவதில் எனக்குச் சந்தோஷம்தான். பெட்டி வாங்கக்கூட நான்தான் கூடப் போனேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் அப்பா தூங்கும்போது நான்காம் இயலைப் பார்த்தேன். 143ஆம் பக்கத்தில் அந்த வாக்கியம் இருந்தது: 'குரலுக்கு முன்னால் மூச்சு வரும், இணைப்பகப் பெண்கள் மூச்சைக் கேட்டே ஆளை அறிந்தார்கள்.' முற்றுப்புள்ளிக்குப் பக்கத்தில் எண் இல்லை. முன்னும் பின்னும் எல்லாவற்றுக்கும் எண் இருந்தது. பழைய விடுப்புப் பதிவேட்டுக்கு அடிக்குறிப்பு, செய்தித்தாள் துணுக்குக்கு அடிக்குறிப்பு. நன்றியுரையைப் பார்த்தேன். நெறியாளருக்கு நன்றி, நூலகருக்கு நன்றி, தினமும் தாமதிக்காமல் ஓட்டிய பேருந்து ஓட்டுநருக்கு நன்றி, விடுதிப் பூனைக்கு நன்றி. கடைசி வரியில் 'என் குடும்பத்தினருக்கும்'.

சாயங்காலம் அவளிடம் கேட்டேன்.

"சின்னவளே, அந்த மூச்சு விஷயத்துக்கு ஆதாரம் போடலையே."

அவள் தலைவாரிக்கொண்டிருந்தாள். கண்ணாடியிலேயே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"வீட்டு ஆளுக்கு யாராவது அடிக்குறிப்பு போடுவாங்களாக்கா?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்குக் கெட்ட எண்ணமே கிடையாது. நானும் சிரித்தேன்.

புதன்கிழமை காலை அந்த அடிக்குறிப்பைப் போட்டேன். 'ஆசிரியரின் அக்காவுடன் உரையாடல்', அதோடு வருடம். எண் 62. அதில் ஒரு பொய் கிடையாது. இருக்கவேண்டிய இடத்தில் இருக்கவேண்டியதை வைத்தேன், அவ்வளவுதான். வைத்த பிறகு சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருந்தது.

அதற்கு மேலே 61ஆம் அடிக்குறிப்பில் ஓர் அறிக்கை இருந்தது. இணைப்பகப் பெண்களின் உடல்நிலையைப் பற்றி நிர்வாகமே தயாரித்து, யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த அறிக்கை. ஒரே பிரதி. அதைத் தேடிப்பிடித்ததுதான் சின்னவளின் ஆறு வருடத்தில் பெரிய காரியம். அந்தப் பழைய கட்டடத்தை இடித்தபோது ஆவண அறையோடு மூலமும் போய்விட்டது. அவள் எடுத்துவைத்திருந்த நகல்தான் மிச்சம், நீலக் கோப்பில் ஒரு கட்டு. நான் போட்ட அடிக்குறிப்புக்குக் கீழே ஏழு மேலது வரிசையாக இருந்தன. ஏழும் அந்த அறிக்கைக்கு உரியவை. இப்போது ஏழும் என்னைக் காட்டின.

பொது வாய்மொழித் தேர்வுக்கு நான் போயிருந்தேன். மூன்றாவது வரிசை. சின்னவள் பச்சைப் புடவை கட்டியிருந்தாள், மடிப்பு நான் எடுத்துவிட்டது. தேர்வாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"நாற்பத்தொரு பேருக்குக் காது கேக்காமப் போச்சுன்னு எழுதியிருக்கீங்க. பெரிய குற்றச்சாட்டு. ஆதாரம், மேலது, பக்கம் நூத்தி முப்பத்தொண்ணு. மேலது எதுன்னு மேல பார்த்தா, உங்க அக்காவோட பேச்சு. உங்க அக்கா பேச்சுல நூத்தி முப்பத்தொண்ணாம் பக்கம் இருக்காம்மா?"

அரங்கமே சிரித்தது. உண்மையில் நல்ல நகைச்சுவைதான். நானும் சிரித்தேன். சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை. தாளைப் புரட்டினாள், மறுபடியும் புரட்டினாள்.

"இதை நான் எழுதலை சார்" என்றாள். "இது எப்படி வந்துச்சுன்னு தெரியலை. அறிக்கை என்கிட்ட இருக்கு, நகல் வீட்ல இருக்கு."

ஒரு வாரத்துக்குள் விசாரணைக் குழு முன்னால் அறிக்கையைக் காட்ட வேண்டும் என்றார்கள். அவள் வீட்டுக்கு ஓடிவந்தாள். நீலக் கோப்பு அலமாரியில் இல்லை.

அதை நான் ஒளித்துவைத்தேன் என்று சொல்லமுடியாது. அப்பாவின் மெத்தை இடது பக்கம் பள்ளமாகிவிட்டது. ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தால் முதுகில் புண் வரும். சமப்படுத்தத் தடிமனாக ஏதாவது தேவைப்பட்டது. அந்தக் கட்டு சரியான அளவில் இருந்தது.

ஆறு நாள் இருவரும் தேடினோம். நானும் கண்ணும் கருத்துமாகத் தேடினேன். பரணில் ஏறினேன், சோபாவைப் புரட்டினேன், துவைக்கிற துணிக்குள்கூடப் பார்த்தேன். ஒருமுறை அவள் அப்பாவின் கட்டிலருகே போய் நின்றாள். "அப்பாவை எழுப்பாதேடி, இப்பதான் கண் அசந்தார்" என்றேன். அவள் போர்வையை இழுத்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

குழு என்னையும் கூப்பிட்டது. தலைவர் மரியாதையாகப் பேசினார், தண்ணீர் கொடுத்தார்.

"இந்த அடிக்குறிப்புல சொல்ற மாதிரி உங்களுக்கும் தங்கச்சிக்கும் ஏதாவது உரையாடல் நடந்துச்சா?"

"அப்படி எதுவும் இல்லீங்க" என்றேன்.

"நீங்க ஆய்வேட்டுல ஏதாவது சேர்த்தீங்களா?"

"புள்ளி, காற்புள்ளி மட்டும்தாங்க நான் பார்ப்பேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நேற்று கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். வீட்டு ஆளுக்கு அடிக்குறிப்பு கிடையாது என்று அவளே சொன்னாளே. அப்படியானால் உரையாடலும் கிடையாது. அவள் வைத்த விதிதான்.

எதிரே உட்கார்ந்திருந்த சின்னவள் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அன்றைக்கு மட்டும் எனக்குப் பயமாக இருந்தது. அவள் குழுவிடம் ஒன்றும் சொல்லவில்லை. இல்லாத ஆதாரத்தை உண்டாக்கி, மாட்டிக்கொண்டதும் மறுத்தாள் என்று எழுதி அவளுடைய ஆராய்ச்சிப் பதிவை ரத்து செய்தார்கள். ஜூன் மாதத்து வேலையும் போனது. வீடு திரும்பும்போது வாசற்படியில் செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

"அக்கா, நீதான் போட்டியா?"

"எதை?"

அதற்குப் பிறகு அவள் பேசுவதில்லை. இரண்டு வருடமாகிறது. பின்னறையில் இருக்கிறாள், நேற்று நீங்களே பார்த்தீர்கள். தட்டை நீட்டினால் சாப்பிடுவாள், நீட்டாவிட்டால் கேட்க மாட்டாள். முடி கொட்டிவிட்டது. புதுப் பெட்டி அவள் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. நான் அவளை நன்றாகத்தான் வைத்திருக்கிறேன். அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள், அப்பாவையும் தங்கையையும் இப்படித் தாங்குகிறவள் உண்டா என்பார்கள். சில மதியங்களில் அவள் அறைக்கு வெளியே நிற்பேன். தூங்குகிறாளா, விழித்துக்கொண்டு கிடக்கிறாளா, அழுகிறாளா என்று மூச்சைக் கேட்டே சொல்லிவிடுவேன். அம்மா சொன்னது சரிதான்.

எனக்கு எதுவும் தோன்றவில்லையா என்று கேட்டீர்கள். தோன்றவேண்டும் என்று நானும் காத்திருக்கிறேன். இன்னும் வரவில்லை.

ஓய்வுபெற்ற நூலகர் அலமாரியைக் காலி செய்யும்போது சின்னவள் முன்பே கொடுத்திருந்த வரைவு கிடைத்தது என்றும், அதில் 61க்குப் பிறகு நேராக மேலது வருகிறது என்றும் சொன்னீர்கள். நன்றியுரையில் அவருக்கு இடம் கொடுத்தது வீண்போகவில்லை. நான் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அவளுக்குப் பதிவு திரும்பக் கிடைக்கும், பட்டமும் வரும், இல்லாவிட்டால் கஷ்டம் என்றீர்கள். போட்டிருக்கிறேன், ஒவ்வொரு தாளிலும். நீலக் கோப்பைக் குடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு ஒரு தலையணையை மடித்துவைத்துவிட்டேன்.

வாக்குமூலம் முழுமையாக இருக்க வேண்டும் என்பதால் இன்னும் இரண்டு விவரங்களைச் சேர்த்துவிடுகிறேன். அந்த மூச்சு வாக்கியம் நான்காம் இயலில் இரண்டு முறை வருகிறது. 143ஆம் பக்கத்தில் ஒருமுறை, இயலின் கடைசிப் பத்தியில் இன்னொருமுறை. கடைசிப் பத்திக்குக் கீழே ஒரு மேலதுகூட இல்லை. அங்கே போட்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது, எனக்கும் இடம் கிடைத்திருக்கும். போடுவதற்கு முன்னால் இரண்டு இடங்களையும் பார்த்தேன். ஏழையும் விரல்விட்டு எண்ணினேன். நீலக் கோப்பை எடுத்ததும் அதே புதன்கிழமை, அடிக்குறிப்பைப் போடுவதற்கு அரைமணி முன்னால்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் எழுதப்போகும் அறிக்கையில் இந்த வாக்குமூலத்தைப் பல இடங்களில் மேற்கோள் காட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொரு இடத்திலும் என் பெயரை முழுதாகப் போடுங்கள். தயவுசெய்து மேலது என்று போட்டுவிடாதீர்கள்.