கசெட்டில் வந்த கடற்பூதம்

ஆனந்தராஜா: ...அது மீனில்லை, தவம். கடற்பூதம்.

தவமலர்: பூதத்துக்கு முதுகில ஜிப் இருக்குமோ?

ஆனந்தராஜா: ஐம்பதுகளில எடுத்த படம். காசில்லாமல் எடுத்திருக்கிறாங்கள்.

தவமலர்: கடலுக்குள்ள இருந்து வருது, உடம்பில ஈரமே இல்லை.

ஆனந்தராஜா: உள்ளுக்க ஒருத்தன் நிண்டு வேர்த்துக்கொண்டிருப்பான்... உமக்குக் கோவமில்லையோ?

தவமலர்: பொறுங்கோ. அந்தப் பெட்டை ஏன் ஓடாமல் நிண்டு கத்துறாள்?

ஆனந்தராஜா: ஓடினாப் படம் முடிஞ்சிடுமெல்லே... நான் வேணுமெண்டு செய்யேல்லையப்பா. சனிக்கிழமை மத்தியானம் டிவியில போச்சுது. கைக்கு ஆம்பிட்ட வீடியோக் கசெட்டில பதிஞ்சிட்டன்.

தவமலர்: அம்மாடை செத்தவீட்டுக் கசெட்தான் ஆம்பிட்டுதோ?

ஆனந்தராஜா: பேர் பாக்கேல்லை... எட்மண்டனில இருக்கிற உம்மடை அண்ணையிட்ட ஒரு கொப்பி இருக்குமோ?

தவமலர்: இல்லை. அகதிக் கேஸ் முடியாமல் நாங்கள் ஊருக்குப் போகேலாதெண்டு அங்கையிருந்து அனுப்பினது, இது ஒண்டுதான்... அந்தா, வலை போட்டுப் பிடிக்கிறாங்கள். பூதமும் பாவம்.

ஆனந்தராஜா: நீர் ரெண்டு ஏச்சு ஏசினால் எனக்கு நல்லாயிருக்கும்.

தவமலர்: ஏன் ஏசுவான்? தெரியாமல் நடந்ததுதானே.

ஆனந்தராஜா: ஓம்...

தவமலர்: கசெட் வந்தண்டே அதின்ர முதுகில இருந்த பிளாஸ்டிக் துண்டை உடைச்சுவிட்டனான். உடைச்சா மேல பதிய ஏலாதெண்டு ஆர் சொல்லித் தந்தது?

ஆனந்தராஜா: ...நான்.

தவமலர்: இப்ப திரும்பப் பதிய ஏலுமாப்போல அந்த ஓட்டையில செலோடேப் ஒட்டியிருக்கு. பூதமோ ஒட்டினது?

ஆனந்தராஜா: ஷிப்ட் முடிஞ்சு வந்து கதவைத் திறந்தா ஒப்பாரி. ஒவ்வொரு நாளும் இந்த வீட்டுக்கச் செத்தவீடு. ஆர் உங்கடை வீட்டில அழுகிறதெண்டு பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி கேக்கிறாள். நீர் சாப்பிடுறேல்லை, நித்திரையில்லை... எனக்குப் பயமாயிருந்தது, தவம். ஓம், வேணுமெண்டுதான் செய்தனான்.

தவமலர்: படம் முடிஞ்சுது போல.

ஆனந்தராஜா: சின்னப் படம்... பழையதின்ர மிச்சம் வருது. நிப்பாட்டட்டோ?

தவமலர்: இது எங்கை?

ஆனந்தராஜா: சுடலை.

தவமலர்: பொம்பிளையள் வாசல் படலையோட நிக்கிறதுதானே. பெட்டி படலைக்கு வரேக்க நானும் நிப்பாட்டி, திரும்ப முதலில இருந்து போடுவன். அங்கால ஒருநாளும் பாத்ததில்லை.

ஆனந்தராஜா: பாக்கவேண்டாம்.

தவமலர்: ஓடட்டும்... கொள்ளி வைக்கிறது ஆர்?

ஆனந்தராஜா: பாலேந்திரா. உங்கடை பெரியப்பாடை மோன்.

தவமலர்: ம்... அம்மா போயிட்டா.

ஆனந்தராஜா: என்னை மன்னிச்சுக்கொள்ளும், தவம்.

தவமலர்: செலோடேப்பைச் சனிக்கிழமை காலமையே கண்டிட்டன். உரிச்சிருக்கலாம். என்னாலயும் அதைப் பாக்கிறதை விட ஏலாமல் கிடந்தது... அப்பிடியே வீடியோ டெக்குக்குப் பக்கத்தில வச்சிட்டுக் கோயிலுக்குப் போனனான்.