மீசையையும் சொன்னியா?

கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரியில் முழங்கால் வலிக்கு நம்பர் எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வலியை விடுங்கள், அங்கே கேட்கிற பேச்சுக்காகவே போகலாம். முன் வரிசையில் பக்கத்து ஊரான அசாம் ஜாவாவின் லோரிக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர் தொண்டையில் இருந்த கட்டியைச் சோதித்த முடிவை வாங்க வந்தவர்கள். அவருடைய மீசை காதைத் தொட்டது.

“கெட்ட கட்டி இல்லன்னு வந்தா மொட்டைன்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன்” என்றாள் மனைவி.

“போட்டுக்க லா.”

“ஒங்க தலையத்தான் சொன்னேன்.”

“என் தலைய நேந்துவிட நீ யாரு? சாமியே கெடையாதுங்கிறேன்!”

“இல்லாத சாமிக்கு ஏன் பயப்படுறீங்க? முடி மறுபடி மொளைக்கும்.”

“நான் யாருக்கும் தலை குனிஞ்சதில்ல, தெரியும்ல?”

“தெரியுமே. வாசக்கால்ல தெனம் இடிச்சிக்கிறீங்களே.”

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவர் நம்பரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவர் நகரவில்லை. மீசையைத் தடவினார்.

“அடியே, மீசையையும் சொன்னியா?”

“இல்லீங்க. அது ஒங்க பெருமையாச்சே, விட்டுட்டேன்.”

“ஏன் விட்ட? இப்பவே சேத்துச் சொல்லு. சொல்லி முடிச்சிட்டு வா, நான் கதவுகிட்ட நிக்கிறேன்.”