கூடத்துத் தெற்குச் சுவர்

பழைய காரையைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசுவதா, மேலாக வெள்ளை அடித்து விட்டுவிடுவதா என்று எந்த வீட்டிலும் ஒரு சச்சரவு வரும், போலீஸ் கொமிசேர் ஐயா. உங்கள் வீட்டிலும் வந்திருக்கும்.

நான் பாகூர் இருசப்பன். படிப்பில்லை, கைநாட்டு. செத்துப்போன சின்னதம்பி என் உடன்பிறந்தவன். அவனுக்கு நாலு வயதில் அப்பா போய்விட்டார். சோறு போட்டு வளர்த்தவன் நான். ஒரே வீட்டில்தான் இருந்தோம்.

அவன் மகள் ஜெயாவைப் பெண் பார்க்க நெட்டப்பாக்கத்திலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மழையில் சுவரெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது. கொத்தன் அந்தோணிசாமி வந்து கரண்டிக் காம்பால் ஒவ்வொரு சுவராகத் தட்டினான். கூடத்துத் தெற்குச் சுவரில் காதை வைத்தான்.

"பெரியவரே, இதுவும் டொப்பு டொப்புன்னுதான் கேக்குது. உள்ள காரை வுட்டுப்போச்சு."

"செவுரு கெட்டியா இருக்குது. ஒன் காதுதான் டொப்பு."

அந்தச் சுவரை இழைத்தவள் என் பெண்சாதி காசம்மாள். வயிற்றில் பிள்ளையோடு, முட்டை வெள்ளைக்கரு தடவிக் கூழாங்கல்லால் பத்து நாள் தேய்த்தாள். பிரசவத்தில் அவளும் போனாள், பிள்ளையும் போயிற்று. அவள் படம் ஒன்றும் என்னிடம் கிடையாது.

தம்பியைக் கூப்பிட்டு, மற்றதை என்ன வேண்டுமானாலும் செய், அதைத் தொடாதே என்றேன். "அண்ணி கை பட்ட செவுரு, நான் தொடுவனா அண்ணே?" என்றான். திரௌபதியம்மன் கோயிலில் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியமும் செய்தான்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்க மணப்பட்டுக்கு வண்டி கட்டினேன். மூன்று நாள் கழித்துத் திரும்பினால், தெற்குச் சுவரில் செங்கல் தெரிந்தது. காரையை எருக்குழியில் கொட்டியிருந்தான்.

"தட்டுனதும் தானா வுழுந்துடுச்சு அண்ணே. இன்னா பண்றது? பாக்க வர்றவங்க முன்னால பொத்தலா வுட முடியுமா?"

நான் கை கழுவிச் சாப்பிட்டேன்.

மறுநாள் கொல்லையில் ஆழமாகக் குழி வெட்டி, சுட்ட கிளிஞ்சலைக் கொட்டித் தண்ணீர் விட்டு நீற விட்டேன். உலை போலக் கொதிக்கும். மேலே மணல் போட்டு மூட வேண்டும். மணல் வெடித்துக்கொண்டே இருந்தால் உள்ளே இன்னும் வேகிறது என்று அர்த்தம். பத்து நாளாவது ஆகும். எனக்குத் தெரியும், அந்தோணிசாமிக்குத் தெரியும். தம்பிக்குத் தெரியாது. வயல் தவிர வேறு வேலையில் அவன் உடம்பை நான் நோக விட்டதில்லை.

மூன்றாம் நாள் ஞாயிறு. அந்தோணிசாமி பூசைக்குப் போயிருந்தான். மணலில் இருந்த வெடிப்பை எல்லாம் கையால் தடவி மூடினேன். நடுக்குழிக் கிளிஞ்சலுக்கு முதலிலேயே தண்ணீர் காட்டவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"ஆறிடுச்சா அண்ணே?"

"ஆறிடுச்சு. எறங்கி வெட்டு."

மண்வெட்டியோடு இறங்கினான். கொதிக்கிற சுண்ணாம்பில் இடுப்புவரை புதைந்தான். என்னைத்தான் கூப்பிட்டான்.

அவன் பெண்சாதி ருக்குமணி குடத்தோடு ஓடி வந்தாள். "ஊத்தவா மாமா?" என்றாள். ஊற்று என்றேன். நீறாத கிளிஞ்சலில் தண்ணீர் பட்டால் இன்னும் பொங்கும் என்று அவளுக்கும் தெரியாது.

கால் தவறி விழுந்தான் என்று உங்கள் ஆட்கள் எழுதிக்கொண்டு போனார்கள். ருக்குமணி மட்டும், தான் ஊற்றிய தண்ணீர்தான் கொன்றது என்று சொல்லிக்கொண்டு சோறு தொடாமல் கிடக்கிறாள். காரியம் முடிந்தும் அப்படியே. அதற்காகத்தான் வந்தேன். மனது உறுத்தி வரவில்லை.

அந்தக் குழிச் சுண்ணாம்பைத் தொட மாட்டேன் என்று அந்தோணிசாமி போய்விட்டான். நல்ல சுண்ணாம்பு, வீணாக்க மனம் வரவில்லை. நானே அரைத்தேன், கடுக்காய்த் தண்ணீர் விட்டு நானே பூசினேன். நேற்றுத்தான் முடிந்தது. கூடம் பளிச்சென்று இருக்கிறது. ஜெயாவைப் பார்க்க வருகிறோம் என்றவர்களைத்தான் இன்னும் காணோம். இந்தக் காலத்தில் சொன்ன சொல்லை யார் ஐயா காப்பாற்றுகிறார்கள்?